மோக்ஸா இடிஎஸ்-408ஏ: 20 மில்லி வினாடி ரிங்கும், அதைக் கெடுக்கும் வேலைகளும்

ஆலையில் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஈதர்நெட் ஸ்விட்ச் இது. பார்க்கச் சாதுவான பெட்டி. உலோகக் கூடு, எட்டு போர்ட், கழற்றி மாட்டும் டெர்மினல் பிளாக், நான்கு குட்டி டிப் ஸ்விட்ச் (அமைப்பை மாற்றும் குமிழ்). எல்லா போர்ட்டும் 10/100 தான், கிகாபிட் கிடையாது. ஐந்தாறு பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), இரண்டு ஸ்காடா கணினி (ஆலையைத் திரையில் கண்காணிப்பது), பத்துப் பதினைந்து டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) இருக்கும் ஓர் ஆலையில் "ஒரு கேபிள் அறுந்தாலும் லைன் நிற்கக் கூடாது" என்று கேட்பவருக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பெட்டியை வாங்கியதாலேயே அந்த உறுதி வந்துவிடாது. ரிங் என்றால் ஸ்விட்ச்களை வட்டமாக இணைத்து, ஒரு கம்பியை மாற்றுப் பாதையாகச் சும்மா வைத்திருப்பது. இந்த ஸ்விட்ச் போட்ட ரிங் சொதப்புகிற இடங்களில் பெரும்பாலும் பழுது ஸ்விட்ச்சில் இருக்காது. இரண்டு பவர் இன்புட்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் (டிசி மின்சப்ளை) இருக்கும். இரண்டு ரிங் கேபிளும் ஒரே டிரேயில் ஓடும். கோளாறைச் சொல்லும் அலார ரிலேயில் ஒயரே மாட்டியிருக்காது.

முதலில் மாடல். பெயரின் வாலைப் படிக்காமல் ஆர்டர் போடக் கூடாது. வெறும் 408ஏ என்றால் எட்டும் காப்பர் போர்ட். எம்எம்-எஸ்சி என்று முடிந்தால் ஆறு காப்பர், இரண்டு மல்டிமோட் (குறைந்த தூர) ஃபைபர். எஸ்எஸ்-எஸ்சி என்றால் அந்த இரண்டும் சிங்கிள்மோட் (நெடுந்தூர) ஃபைபர். 3எம், 3எஸ், 2எம்1எஸ் என்று மூன்று ஃபைபர் உள்ளவையும் உண்டு. அவற்றில் காப்பர் ஐந்துதான். கடைசியில் டி இருந்தால் −40 முதல் 75 டிகிரி வரை தாங்கும். இல்லாவிட்டால் −10 முதல் 60 வரை. தகரக் கூரைக்குக் கீழே, விசிறி இல்லாத பேனலில், பக்கத்திலேயே ஒரு விஎஃப்டி (மோட்டார் டிரைவ்) சூடு கக்கிக்கொண்டிருந்தால் சித்திரை மாதத்தில் 60 என்பது எட்டாத எண் அல்ல. அங்கே டி மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. பிஎன், இஐபி என்று வால் உள்ளவை பெட்டியைப் பிரித்தவுடனேயே ப்ரோஃபிநெட், ஈதர்நெட்/ஐபி என்ற ஆலைத் தொடர்பு நெறிமுறைகளின் வசதிகள் இயங்கும் நிலையில் வரும்.

கூட்டின் பாதுகாப்புத் தரம் ஐபி30. தண்ணீருக்கும் தூசுக்கும் பேனல்தான் காவல். ஃபைபர் போர்ட்டின் ரப்பர் மூடியைப் பேட்ச் கார்டு மாட்டும் வரை கழற்றாதீர்கள். சிமென்ட் ஆலையிலும் நூற்பாலையிலும் ஒரே இரவில் அந்த ஓட்டை அடைந்துவிடும்.

20 மில்லி வினாடி யாருக்குப் போதும்

மோக்ஸாவின் சொந்த நெறிமுறைக்குப் பெயர் டர்போ ரிங். இதில் இரண்டு பதிப்பு உண்டு. முதல் பதிப்பு 300 மில்லி வினாடிக்குள் மாற்றுப் பாதைக்குத் தாவும். இரண்டாவது பதிப்பு 20 மில்லி வினாடிக்குள். 250 ஸ்விட்ச் வரை இந்த 20 நிற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரே ரிங்கில் இரண்டு பதிப்பையும் கலக்க முடியாது. பழைய ரிங்கில் புது ஸ்விட்ச் ஒன்றைச் செருகுவதற்கு முன் பழையது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

20 என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் போதாது. உங்கள் கட்டுப்பாட்டுத் தொடர்பு எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதுதான் கேள்வி. மோட்பஸ் டிசிபி என்ற நெறிமுறையில் டைம்அவுட்டைப் பொதுவாக நொடிக் கணக்கில் வைப்பார்கள். அதற்கு இந்த வேகமே தேவையில்லை, ஏறக்குறைய எல்லா மேனேஜ்டு (அமைப்பை மாற்றக்கூடிய) ஸ்விட்ச்சிலும் இருக்கும் ஆர்எஸ்டிபி என்ற பொதுவான மாற்றுப் பாதை நெறிமுறையே ஒப்பேற்றிவிடும். ஈதர்நெட்/ஐபியில் ஆர்பிஐ (தகவல் அனுப்பும் இடைவெளி) 20 மில்லி வினாடி, பெருக்கி (எத்தனை இடைவெளி பொறுப்பது) 4 என்றால் தொடர்பு 80 மில்லி வினாடி பொறுக்கும். அங்கே இந்த ரிங் கச்சிதம். அதே ஆர்பிஐயை 5 என்று வைத்தால் 20-லேயே அறுந்துவிடும். வரப்பு மேல் நடக்கிற மாதிரி.

ப்ரோஃபிநெட்டில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அப்டேட் நேரம் 2 மில்லி வினாடி, மூன்று முறை வரவில்லை என்றால் தொடர்பு போனதாக எடுத்துக்கொள் என்பது வழக்கமான அமைப்பு. ஆக வாட்ச்டாக் (தொடர்பு பொறுக்கும் நேரம்) 6 மில்லி வினாடி. ரிங் 20-ல் மீண்டு என்ன பயன்? 14 மில்லி வினாடிக்கு முன்பே ஐஓ நிலையம் (சென்சார், வால்வு இணையும் பெட்டி) விழுந்து, சிவப்பு விளக்கு எரிந்து, லைன் நின்றிருக்கும். ரிங் சரியாக வேலை செய்திருக்கும், ஆனால் திட்டு ஸ்விட்ச்சுக்குத்தான் விழும். 8 மில்லி வினாடியை மூன்றால் பெருக்கினால் 24, அது நூலிழை. 16 என்று வைத்தால் 48, நிம்மதியான எண். வால்வு, கன்வேயர், பம்ப் போன்ற வேலைகளுக்கு 16 மில்லி வினாடி அப்டேட் தாராளம். தேவையில்லாமல் 2-ல் விட்டு வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஐஇசி 62439-2 தரத்தில் வரும் எம்ஆர்பி என்ற ரிங் நெறிமுறையின் வழக்கமான எல்லை 50 கருவிக்கு 200 மில்லி வினாடி. அதைத் தாங்க 64 மில்லி வினாடி அப்டேட்டை மூன்றால் பெருக்கினால் 192, பற்றாது. நான்கால் பெருக்கி 256 வைக்க வேண்டும். டர்போ ரிங் பதிப்பு 2 இதைவிடப் பல மடங்கு வேகம். அந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், எம்ஆர்பி பொதுத் தரநிலை. பல கம்பெனிக் கருவிகள் அதில் கலந்து நிற்கும். டர்போ ரிங் மோக்ஸாவின் சொந்தச் சரக்கு. ரிங்கில் இன்று ஒரு மோக்ஸா போட்டால் நாளை சேர்ப்பதும் மோக்ஸாதான். வாங்கும்போதே மேலாளரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இழக்கக் கூடாத சப்ஸ்டேஷன் பாதுகாப்பு வேலை என்றால் இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே ஒவ்வொரு செய்தியும் இரண்டு பாதையில் இரண்டு பிரதியாகப் போகும் பிஆர்பி, எச்எஸ்ஆர் கருவிகள் வேண்டும்.

கிகாபிட் இல்லையே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். காப்பர் கேபிளில் கிகாபிட் ஓடும்போது இணைப்பு அறுந்ததை உணரவே 350 முதல் 750 மில்லி வினாடி வரை ஆகலாம். அது அந்தத் தரத்தின் இயல்பு. ரிங் நெறிமுறை எவ்வளவு வேகமாக இருந்தாலும், கேபிள் போனதே தெரியாமல் அது என்ன செய்யும்? ரிங்குக்கு 100 மெகாபிட் காப்பரோ ஃபைபரோ போடுவது இந்த வகையில் லாபம்தான். கேமரா படத்தையும் கட்டுப்பாட்டுத் தகவலையும் ஒரே ரிங்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு; அதற்கு 100 மெகாபிட் போதாது.

பவர்: இரண்டு இன்புட் என்றால் இரண்டு ஊற்று

12, 24, 48 வோல்ட் டிசி எதையும் ஏற்கும்; 9.6 முதல் 60 வோல்ட் வரை எல்லை. பவர் 1, பவர் 2 என்று தனித்தனி இன்புட், தனித்தனி எல்இடி. ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும், மறுதொடக்கம் ஆகாது.

பேனலைத் திறந்தால் பெரும்பாலும் தெரிவது இதுதான்: ஒரே எஸ்எம்பிஎஸ்ஸின் பிளஸ்ஸிலிருந்து பவர் 1-க்கு ஒரு ஒயர், அங்கிருந்து ஒரு சின்ன ஜம்பர் பவர் 2-க்கு. இரண்டு எல்இடியும் பச்சையாக எரியும். பார்ப்பவருக்குத் திருப்தி. எஸ்எம்பிஎஸ் போனால் இரண்டும் சேர்ந்து அணையும். சரியான வேலை என்றால் இரண்டு எஸ்எம்பிஎஸ், இரண்டுக்கும் தனி எம்சிபி, முடிந்தால் ஒன்று யுபிஎஸ் வழியாகவும் ஒன்று நேர் சப்ளையிலும். இரண்டாவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் இல்லை என்றால் பவர் 2-ஐக் காலியாக விட்டு, அதன் அலாரத்தையும் போடாமல் இருப்பது நேர்மை. ஜம்பர் போட்டு ஏமாற்றிக்கொள்வதைவிட அது மேல்.

ஒயர் முனையில் ஃபெருல் (அழுத்திப் பொருத்தும் உலோகக் குழல்) போடுங்கள். மல்டிஸ்ட்ராண்ட் ஒயரை வெறுமனே முறுக்கி டெர்மினல் பிளாக்கில் திணித்தால், அதிர்வுள்ள பேனலில் ஆறு மாதத்தில் ஒரு இழை வெளியே வந்து பக்கத்து முனையைத் தொடும். எர்த் திருகைக் கண்டிப்பாக பேனலின் எர்த் பாருக்கு இணையுங்கள். ஸ்விட்ச்சை மாட்டியிருக்கும் டின் ரெயிலே எர்த் என்று விட்டுவிடக் கூடாது. பெயின்ட் அடித்த தகட்டில் திருகிய ரெயிலுக்கு எர்த் கிடைத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரிலே: மாட்டாமல் விட்டால் ரிங் எதற்கு

இந்த மதிப்பாய்வில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

ரிங்கின் இயல்பு என்ன? முதல் கேபிள் அறுந்தால் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் காசு கொடுத்து வாங்கினோம். ஸ்காடா திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும், பிஎல்சி சிணுங்காது, ஷிஃப்ட் மாறும், மாதம் மாறும். ரிங் இப்போது ரிங் அல்ல, வெறும் நேர்கோடு. இரண்டாவது கேபிளை எலி கடிக்கும் நாளில் பாதி ஆலை திரையிலிருந்து மறையும். அப்போது "ரிங் போட்டும் நின்றுவிட்டதே" என்று கூச்சல் வரும். முதல் அறுப்பு மூன்று மாதம் முன்பே நடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

இதைத் தடுக்கத்தான் டெர்மினல் பிளாக்கில் ரிலே முனை இரண்டு கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது அந்தத் தொடர்பு மூடியிருக்கும்; கோளாறு வந்தால் திறக்கும். தாங்கும் அளவு 24 வோல்ட் டிசியில் 1 ஆம்பியர். ஆகவே 230 வோல்ட் ஹூட்டரை நேராக இதில் மாட்டக் கூடாது. பிஎல்சியின் ஒரு டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள், அல்லது நடுவில் ஒரு 24 வோல்ட் ரிலே வையுங்கள். ஒரே பேனலில் இரண்டு மூன்று ஸ்விட்ச் இருந்தால் அவற்றின் தொடர்புகளைத் தொடராக இணைத்து ஒரே இன்புட்டில் முடிக்கலாம். எந்த ஒன்று திறந்தாலும் அலாரம் வரும். ஒயரே அறுந்தாலும் வரும்.

ஒயர் மாட்டினால் மட்டும் போதாது என்பது அடுத்த பள்ளம். எந்தெந்த நிகழ்வுக்கு ரிலே திறக்க வேண்டும் என்று ஸ்விட்ச்சின் வலைப்பக்கத்தில் ரிலே எச்சரிக்கைப் பகுதிக்குப் போய் நீங்கள்தான் டிக் செய்ய வேண்டும். பவர் 1 போனால், பவர் 2 (காலியாக விடாவிட்டால்) போனால், இரண்டு ரிங் போர்ட்டில் எதன் இணைப்பு போனாலும்: இந்த நான்கும் கட்டாயம். லேப்டாப் மாட்டும் போர்ட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறை லேப்டாப்பைக் கழற்றும்போதும் அலாரம் அடித்தால் ஆபரேட்டர் அந்த அலாரத்தையே மதிக்காமல் போய்விடுவார்.

டிப் ஸ்விட்ச்சா, வலைப்பக்கமா

நான்கு டிப் ஸ்விட்ச் மூலம் கணினியே இல்லாமல் ரிங் அமைக்கலாம். டர்போ ரிங் என்பதை ஆன் செய்து, ஒரே ஒரு ஸ்விட்ச்சில் மட்டும் மாஸ்டரையும் (ரிங்கின் தலைமை) ஆன் செய்தால் முடிந்தது. நடு இரவில் ஸ்விட்ச் மாற்றும் மின்பணியாளருக்கு இது வரப்பிரசாதம்.

சங்கடம் எங்கே என்றால், டர்போ ரிங் டிப் ஆனில் இருக்கும்போது வலைப்பக்கத்தில் ரிடன்டன்சி (மாற்றுப் பாதை) அமைப்பை மாற்ற முடியாது. பக்கம் திறக்கும், கட்டங்கள் தெரியும், ஆனால் கை வைக்க விடாது. இது தெரியாமல் ஃபர்ம்வேர் கெட்டுவிட்டது என்று மறுபடி ஏற்றுவதும், ஃபேக்டரி ரீசெட் அடிப்பதும் நடக்கும். பெட்டியின் மேல் இருக்கும் அந்தக் குட்டி வெள்ளைக் குமிழை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் தீர்கிற விஷயம். இன்னொன்று: டிப் ஆன் ஆனால் பதிப்பு 1 ஓடுமா, 2 ஓடுமா என்பதையும் வலைப்பக்கத்தில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு ஸ்விட்ச்சில் 1-ம் மற்றதில் 2-ம் இருந்தால் ரிங் மூடவே மூடாது.

நிரந்தர நிறுவலுக்கு நான்கையும் ஆஃபில் வைத்து வலைப்பக்கத்திலேயே அமைப்பது நல்லது. அமைப்புக் கோப்பை வெளியே எடுத்து வைக்கலாம். குமிழின் நிலையைக் கோப்பாக எடுக்க முடியாதே.

அமைக்கும் வரிசை

எல்லாப் பெட்டியும் 192.168.127.253 என்ற ஒரே முகவரியோடுதான் வருகிறது. லேப்டாப்புக்கு 192.168.127.10 போன்ற ஒன்றைக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஸ்விட்ச்சை மேசை மேல் வைத்து மாட்டுங்கள். ஒன்றை முடித்து அடுத்ததை மாட்டியதும் பக்கம் திறக்காது. லேப்டாப் இன்னும் முந்தைய ஸ்விட்ச்சின் மேக் முகவரியை (வன்பொருள் எண்) நினைவில் வைத்திருக்கும். ஏஆர்பி கேஷ் என்ற அந்த நினைவைத் துடைத்தால் திறந்துவிடும். பத்துப் பெட்டிக்கு மேல் என்றால் மோக்ஸா இலவசமாகத் தரும் எம்எக்ஸ்கான்ஃபிக் மென்பொருளால் கூட்டமாக முகவரி கொடுத்துவிடலாம்.

உள்ளே போனதும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. அடுத்து முகவரி, பிறகு ஸ்விட்ச்சின் பெயர். "ஸ்விட்ச் 3" என்று வைக்காமல் "பாய்லர் பேனல் எம்சிசி 2" என்கிற மாதிரி இடத்தின் பெயரை வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வரும் ஆள் நன்றி சொல்வார். டெல்நெட் என்ற பழைய தொலை நுழைவை அணைத்துவிடலாம். ரிடன்டன்சி பக்கத்தில் டர்போ ரிங் வி2, ரிங் 1 இயக்கம், ரிங் போர்ட் 7, 8. ஃபைபர் இரண்டு உள்ள மாடலில் ஃபைபர் இருப்பதும் இதே 7, 8-ல்தான் என்பதால் தலைவலி இல்லை. ஒரே ஒரு ஸ்விட்ச்சில் மட்டும் மாஸ்டர். யாரையும் மாஸ்டராக வைக்காவிட்டாலும் அவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், ரிங் ஓடும். ஆனால் எந்தக் கம்பி சும்மா இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பதிப்பு 2-ல் மாஸ்டரின் இரண்டாவது ரிங் போர்ட்டில் இருக்கும் கம்பிதான் அடைத்து வைத்த பாதை. கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்விட்ச்சை மாஸ்டராக்கினால் அதன் விளக்கைக் கண்ணால் பார்க்க வசதி.

இனி முக்கியமான ஒழுங்கு: எல்லா ஸ்விட்ச்சிலும் ரிங் அமைப்பு ஏறி முடியும் வரை வட்டத்தை மூடாதீர்கள். ஒரு கேபிளைக் கழற்றியே வையுங்கள். அமைக்காத ஸ்விட்ச்களை வட்டமாக மாட்டினால் ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும்) செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகும். 100 மெகாபிட் கம்பியில் மிகச் சிறிய 64 பைட் செய்திகள் நொடிக்கு 1,48,000-க்கும் மேல் ஓட முடியும். அவ்வளவையும் பிஎல்சியின் நெட்வொர்க் சிப் வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தவுடன் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. எல்லா போர்ட் விளக்கும், எதுவும் பேசாத போர்ட்டின் விளக்கு உட்பட, ஒரே தாளத்தில் படபடவென்று துடிக்கும். அதைக் கண்டால் யோசிக்காமல் ஒரு ரிங் கேபிளைப் பிடுங்குங்கள்.

கடைசிக் கேபிளை மாட்டியதும் மாஸ்டரின் எம்எஸ்டிஆர் விளக்கைப் பாருங்கள். பச்சையாக நிலையாக எரிந்தால் வட்டம் மூடியிருக்கிறது. மினுக்கினால் எங்கேயோ திறந்திருக்கிறது. அத்தனை ஸ்விட்ச்சையும் ஒருமுறை பவர் அணைத்துப் போட்டு, அமைப்பு நிலைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விலேன் (ஒரே கம்பியில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது) போட்டிருந்தால் ரிங் போர்ட் இரண்டும் எல்லா ஸ்விட்ச்சிலும் ட்ரங்க் (பல விலேனைக் கடத்தும் போர்ட்) ஆக இருக்க வேண்டும், எல்லா விலேனும் இரு பக்கமும் போக வேண்டும். ஒரு ஸ்விட்ச்சின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு விலேன் விட்டுப்போனால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. பாதை மாறும் நாளில்தான் ஒரு பகுதி மட்டும் காணாமல் போகும். ஈதர்நெட்/ஐபி ஓடும் இடத்தில் ஐஜிஎம்பி ஸ்நூப்பிங்கை (குழுத் தகவலைக் கேட்பவருக்கு மட்டும் அனுப்பும் வசதி) ஆன் செய்து, ஒரு ஸ்விட்ச்சைக் குவெரியராக (யார் கேட்கிறார் என்று விசாரிப்பது) வையுங்கள். இல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் ஐஓ தகவல் தேவையில்லாத எல்லா போர்ட்டுக்கும் வழிந்தோடும். வேகத்தை ஒரு முனையில் 100 ஃபுல் என்று பூட்டி, மறுமுனையை ஆட்டோவில் விடவும் கூடாது. ஆட்டோ முனை ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய் உட்கார்ந்துகொள்ளும். இணைப்பு விளக்கு எரியும், ஆனால் சுமை ஏறும்போதெல்லாம் தகவல் விட்டு விட்டு வரும்.

அலுவலக நெட்வொர்க்கோடு இணைப்பதாக இருந்தால் ஒரே ஒரு இடத்தில் இணையுங்கள். இந்த ஸ்விட்ச்சில் டர்போ ரிங், ஆர்எஸ்டிபி இரண்டில் ஏதாவது ஒன்றுதான் ஓடும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது கேபிளை ஐடி அறை ஸ்விட்ச்சுக்கு இழுத்தால் இந்த ரிங்குக்குத் தெரியாத இன்னொரு வட்டம் உருவாகும். மேலே சொன்ன அதே படபடப்பு, இந்த முறை அலுவலகம் முழுக்க.

ஃபைபர் பக்கம்

மல்டிமோட் போர்ட்டுக்கு ஒளி இழப்பு பட்ஜெட் 12 டிபி. 2 கிலோமீட்டர் கேபிளில் கிலோமீட்டருக்கு 1.5 என்று தாராளமாக வைத்தாலும் 3 டிபி. நான்கு இணைப்புக்கு அரை அரையாக 2. மொத்தம் 5, மீதி 7 கையில் இருக்கிறது. வயதாகிற கேபிளுக்கும் பின்னால் வரும் ஸ்ப்ளைசுக்கும் (ஃபைபர் ஒட்டு) அது போதும். சிங்கிள்மோட் போர்ட்டில் பிரச்சினை தலைகீழ். அது 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் செய்தது. 300 மீட்டரில் மாட்டினால் ஒளி அதிகமாகி ரிசீவர் திணறும், கெட்டும் போகலாம். நடுவில் ஆட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) போட்டு, பவர் மீட்டரில் அளந்த பிறகே செருகுங்கள்.

ரிங்கின் நடுவே மீடியா கன்வெர்ட்டர் (காப்பரை ஃபைபராக மாற்றும் பெட்டி) வைப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். ஃபைபர் அறுந்தாலும் கன்வெர்ட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் இடையே உள்ள காப்பர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்விட்ச் இணைப்பு இருப்பதாகவே நம்பும். உடனடித் தாவல் என்பது போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ (ஒரு பக்க அறுப்பை மறுபக்கத்துக்கும் காட்டுவது) உள்ள கன்வெர்ட்டரை வாங்கி, அந்த வசதியை ஆன் செய்யுங்கள். பலவற்றில் அதற்கும் ஒரு டிப் ஸ்விட்ச் இருக்கும்.

பாதை பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே டிரேயில், ஒரே குழாயில் போனால், ஒரு ஜேசிபி பல் போதும். அதைவிடக் கொடுமை, 12 கோர் ஃபைபர் ஒன்றிலேயே போக இரண்டு, வர இரண்டு என்று எடுத்துவிட்டு ரிங் என்று படம் வரைவது.

சோதனை

விண்டோஸ் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் செய்தி) ஒரு நொடிக்கு ஒன்று அனுப்பும். 20 மில்லி வினாடி இடைவெளி அதில் மாட்ட ஐம்பதில் ஒரு வாய்ப்பு. பிங் விடவே இல்லை என்று கையெழுத்து வாங்குவது சோதனையாகாது. லினக்ஸ் லேப்டாப்பில் 10 மில்லி வினாடிக்கு ஒரு பிங் விட்டு, ரிங்கின் எதிர்ப்பக்கம் இருக்கும் கருவியை நோக்கி ஓடவிடுங்கள். அப்போது கேபிளைப் பிடுங்கினால் ஒன்றோ இரண்டோ தவறலாம். பத்து தவறினால் ஏதோ தப்பு: பதிப்பு 1 ஓடுகிறது, அல்லது நடுவில் கன்வெர்ட்டர் இருக்கிறது.

பிடுங்குவதை மட்டும் பார்க்காமல் திரும்ப மாட்டுவதையும் பாருங்கள். ஒரு ஸ்விட்ச்சின் பவரை முழுக்க அணைத்து, மீண்டும் போட்டு, அது எழுந்து வட்டத்தில் சேரும் கணத்தைக் கவனியுங்கள். மாஸ்டரையும் அப்படியே அணைத்துப் பாருங்கள். ஃபைபரில் இரண்டு கோரில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். நிஜத்தில் அறுவது பல நேரம் ஒரு கோர்தான். ஒவ்வொரு முறையும் ரிலே அலாரம் திரையில் வந்ததா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். வரவில்லை என்றால் மேலே ரிலே பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

வாங்கலாமா

பத்து இருபது ஸ்விட்ச்சுக்குள், 100 மெகாபிட்டுக்குள் அடங்கும் ஆலைக்கு வாங்கலாம். எல்லாம் ஒரே கம்பெனி ஸ்விட்ச்சாக இருப்பதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஏற்கெனவே வேறு கம்பெனியின் எம்ஆர்பி ரிங் ஓடுகிறது, அதில் சேர்க்க ஒன்று வேண்டும் என்றால் டேட்டாஷீட்டில் எம்ஆர்பி என்று எழுதியிருக்கும் மாடலைத் தேடுங்கள். ஈதர்நெட்/ஐபி கருவிகளே இரண்டு போர்ட்டோடு டிஎல்ஆர் (கருவிகளே ரிங் அமைக்கும் நெறிமுறை) பேசும் இயந்திரம் என்றால் தனி ரிங் ஸ்விட்ச்சே தேவைப்படாமல் போகலாம்.

எண்ணிக்கை போடும்போது ஒன்று கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு ஸ்விட்ச்சின் அமைப்புக் கோப்பையும் ஏற்றுமதி செய்து, ஃபர்ம்வேர் பதிப்பின் எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, பராமரிப்பு அறைக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. ஸ்டோரில் இருக்கும் உபரி ஸ்விட்ச்சுக்கும் அதே ஃபர்ம்வேரை இன்றே ஏற்றி வையுங்கள். மாற்றும் நாளில் உபரியை ரிங்கில் மாட்டும் முன் மேசையில் வைத்துக் கோப்பை ஏற்றி, டிப் நான்கும் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் 7-ஐ மட்டும் மாட்டுங்கள். பக்கம் திறந்து பெயர் சரியாக வந்ததும் 8.